நெட்டை ஆட்டக்காரர்களின் ஓட்டைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். மரக்காணத்தில் உப்பு வாருகிறேன். உலகமே கொண்டாடுகிற பேஸ்கட்பால் ஆட்டக்காரர்களின் குறைகளைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. அவர்களை நான் பார்த்ததெல்லாம் விரிசல் விட்ட ஒரு செல்போனில்தான். ஆனால், "வாயத் தொறந்து பேசத்தான் மாட்ற, எழுதியாவது வையேன்யா" என்று பாய் சொன்னார். அவர் சொன்னதை என்னால் தட்ட முடியாது.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர், என் வயதுதான். கல்ஃபில் பதினாலு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவர் தங்கியிருந்த கேம்ப்பில் பக்கத்து அறையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் இருந்தார்களாம். வெள்ளிக்கிழமை தோறும் கார் நிறுத்துகிற இடத்தில் அவர்கள் பேஸ்கட்பால் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒருநாள் ஐந்தடி மூன்றங்குல பாயையும் இழுத்துவிட்டார்கள். அந்தப் பைத்தியத்தோடுதான் ஊர் திரும்பினார். இங்கே இறால் குஞ்சுப் பண்ணைகளில் ஏசி பழுது பார்க்க வருவார். ஒருநாள் டீக்கடைக்குள் குனிந்து நுழைந்த என்னைப் பார்த்து, "யோவ், எவ்ளோ ஒயரம்யா நீ?" என்றார். ஆறடி மூன்றங்குலம் என்றேன். அதுவரை அந்த உயரத்தால் நான் கண்ட பலன், நிலைப்படியில் நெற்றி இடித்து வந்த வீக்கங்கள்தான். அன்று சாயங்காலமே பள்ளி மைதானத்தில் ரிங்குக்கு அடியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது எங்களுக்கு ஒரு டீமே இருக்கிறது, பாய்தான் கோச்.

விடியற்காலையில் உப்புப் பாத்தியில் இறங்கினால், வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசத் தொடங்கும் ஒன்பது மணிக்குக் கரையேறிவிடுவோம். அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற ஆட்டம் நமக்குக் காலையில் வரும். ஈசிஆர் ரோட்டு டீக்கடையில் பாயின் போனைச் சுற்றி நாங்கள் உட்காருவோம். பாய், நான், எங்கள் டீமில் பந்தை முன்னால் கொண்டுபோகிற உப்பு லாரிக்காரர். கடையில் இருக்கிற மற்றவர்கள் கோல் விழுந்தால் கை தட்டுவார்கள். பாய் ஒவ்வொரு நெட்டையனையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "இவன எந்த எடத்துல சாய்க்கலாம்?"

பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்திருந்தோம். பழைய வீடியோக்களில் வருகிற பெரிய உடம்புக்காரர் மலை. ஒல்லியாக, கை முழங்கால் வரை தொங்குகிறவர் கொக்கு. தொப்பையும் சோம்பலுமாக நடந்து வருகிறவர் மாமா.

"கொக்குதான்யா டாப்பு," என்பார் லாரிக்காரர். "அவன் கைக்கு மேல ஒருத்தன் பந்து போட்டுடுவானா?"

"மேல போடவே வாணாம். போடற மாதிரி காட்டு, ஏறிடுவான். அவன் எறங்கறதுக்குள்ள கீழ பூந்து போயிடலாம். அப்புறம், அவன் தட்டற பந்து எங்க போவுது பாத்தியா? கூட்டத்துக்குள்ள. திருப்பியும் அவனுங்களுக்குத்தான் பந்து. தட்டி நம்ம ஆள்கிட்டப் போடறவன்தான் கெட்டிக்காரன்."

"மலை?"

"மலை நவுராது. அடியில வந்தா எவனும் தப்பமாட்டான். அதுக்கு நீ ஏன் அடியில போற? ரெண்டு அடி தள்ளி நின்னு போடு."

"மாமாவ மட்டும் சொல்லாதீங்க பாய். அந்தாளு குதிச்சா காலுக்கடியில ஒரு பேப்பர் நொழையாது."

"வாஸ்தவம்," என்பார் பாய்.

நான் எதுவும் பேசமாட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, மூன்று பேரில் நான் யார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குதிக்க முடியாததில் மாமா. நகராததில் மலை. கொக்கிடம் இருந்து எனக்கு ஒன்றும் இல்லை.

நகராததற்கு ஒரு காரணம் உண்டு. உப்பளத்தில் அடுத்தவர் பாத்தியில் யாரும் கால் வைக்க மாட்டோம். காலில் ஒட்டின சேறு பட்டால் அவர் உப்பு பழுப்பாகிவிடும். வாய்க்காலில் காலைக் கழுவாமல் சொந்தப் பாத்தியில்கூட இறங்க மாட்டோம். முப்பது வருடம் இப்படி நடந்த கால் என்னுடையது. மைதானத்தில் ரிங்குக்கு முன்னால் பெயின்ட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதை என் பாத்தி என்றும், கோட்டை வரப்பு என்றும் என் கால் முடிவு செய்துகொண்டது. போன மாதம் பாண்டிச்சேரி டீம் ஒன்றோடு தோற்றோம். அவர்களில் ஒரு குட்டையன் கோட்டுக்கு ஓரடி வெளியே நின்று, நான் பார்த்துக்கொண்டிருக்கவே எட்டு முறை கோல் போட்டான்.

"ஏம்பா நெட்ட, அவன் அங்கயே கட பரப்பிட்டான்," என்றார் லாரிக்காரர். "வெளிய வந்து ஒரு கைய நீட்டினா ஒன் உப்பு கரைஞ்சிடுமா?"

அடுத்த வாரம் இடையஞ்சாவடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். என்னைவிட ஓரங்குலம் உயரம், வயதில் பாதி. ரிங்கைத் தொட்டுவிட்டு இறங்குவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்புத்துப்பட்டில் ஆட்டம் இருந்தது. ரிங்குக்கு அடியில் ஒரு ஆளுக்குத்தான் இடம். "சனிக்கிழம சாயங்காலம் ரெண்டு பேரும் எதிரெதிர் டீம்ல ஆடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் பாய்.

எனக்குப் பயமாக இருந்தது. பாத்தியில் பேச்சுத் துணை இல்லை. வீட்டில் எனக்கும் சேர்த்து அண்ணன் பேசிவிடுவார். ஊரில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது இந்த ஆட்டத்தால்தான். ரிங்குக்கு அடியில் இருக்கிற இடம் போனால் டீக்கடை பெஞ்சில் இருக்கிற இடமும் போய்விடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கரன்ட் இல்லை. கடையில் எப்போதும் அலறும் பாட்டு நின்றிருந்ததால் பாய் போனில் சத்தத்தைக் கூட்டினார். அத்தனை நாளாக ஊமைப்படமாகவே பார்த்த ஆட்டத்தை அன்றுதான் காதாலும் கேட்டேன். மாமாவின் டீம் ஆடியது. வர்ணனைக்கு அடியில் ஒரு குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு பாய் அது, கத்திகினே இருக்கறது?" என்றேன். நான் பேசியதில் லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மாமாதான். பின்னாடி நிக்கறவனுக்குத்தான எல்லாம் தெரியும்? எவன் எந்தப் பக்கம் வர்றான்னு சொல்லிகினே இருக்கான். கால் போவாத எடத்துக்கு வாய் போவுது."

சொன்னவர் ஆட்டத்திலேயே கண்ணாக இருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை முதல் பாதியில் என் வாய் திறக்கவில்லை. தம்பி என் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் "சாரிண்ணா" என்றான். என் பக்கம் ஆடிய லாரிக்காரர் பந்து வைத்திருந்தவனை மறித்துக்கொண்டே பின்வாங்கினார். எதிர் டீம் ஆள் ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து சுவர் மாதிரி நின்றான். ஆட்டத்தில் இதை ஸ்க்ரீன் என்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. லாரிக்காரர் போய் மோதிக் கீழே விழுந்தார்.

"ஏம்பா, பின்னாடி ஆள் நிக்கிதுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்றார், விலாவைத் தேய்த்துக்கொண்டு.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. இரண்டாம் பாதியில் அதே ஆள் அதே மாதிரி இடப்பக்கம் வந்து நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஒடப்பு! எடது பக்கம் ஒடப்பு!"

வரப்பு உடைந்து வாய்க்கால் தண்ணீர், விளைந்த உப்புக்குள் பாயும்போது உப்பளத்தில் போடுகிற சத்தம் அது. யார் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவனும் கத்துவான். அப்போது மட்டும் யார் பாத்தி, சேற்றுக் காலா என்ற கேள்வி இல்லை. குறுக்கே ஓடி மண்ணை அணைக்க வேண்டும். எங்கள் பக்கம் ஆடிய மற்ற நான்கு பேரும் உப்பளத்தில் புழங்குகிறவர்கள். நான்கு பேரும் இடப்பக்கம் திரும்பிவிட்டார்கள். நானும் பாய்ந்திருந்தேன். கோட்டுக்கு இரண்டடி வெளியே, பந்து போட வந்தவன் முகத்துக்கு நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது.

அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை கத்தினேன். வலது ஒடப்பு, நடுவுல ஒடப்பு. தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே பாயிடம் போய், "ண்ணா, ஒடப்புன்னா என்னா ப்ளே அது? எனக்கும் சொல்லிக் குடுங்க," என்று கேட்டான். பாய் சிரித்ததில் விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். தம்பி அதற்குப் பிறகும் என் தலைக்கு மேல் போட்டான். எங்கள் பக்கம்தான் தோற்றது. முடிந்ததும் பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கு ரெண்டு ஓட்ட இருந்துச்சு. ஒண்ணு அடைஞ்சிது."

"இன்னொண்ணு?"

"முட்டி. அதுக்கு அல்லாதான்." தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நாளைக்கு நீ எறங்கு. மூச்சு வாங்கினா தம்பி வருவான்."

அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களின் குறைகளை அவர் தினமும் என் காதுபட அலசியது எனக்காகத்தானோ என்று அப்போது தோன்றியது. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட என் குறையை நாலு பேர் முன்னால் அவர் சொன்னதில்லை. மலைக்கும் ஓட்டை உண்டு என்று கேட்டுக் கேட்டுத்தான் என் ஓட்டையை நான் வெட்கப்படாமல் பார்க்கப் பழகியிருக்கிறேன். கேட்டேவிட்டேன்.

"சும்மா மேட்ச் பாத்தோம்யா," என்றார் பாய். "ஒரே நாள்ல ரொம்பப் பேசாத, ஒடம்புக்கு ஆவாது."

மறுநாள் கீழ்புத்துப்பட்டில் நான் முதலில் இறங்கினேன். ஏழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தொண்டை கட்டிக்கொண்டது.