எனக்குத் தெரிந்த மட்டில்

நான் பஸ் ஓட்டும் இந்த ஆங்கிலேய ஊரில் நேரம் கேட்டால்கூட ஒருவரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். கையில் மணிக்கூடு கட்டியிருப்பார்கள். அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பத்தே கால் என்று நினைக்கிறேன் என்பார்கள். பார்த்த பிறகு நினைப்பதற்கு என்ன இருக்கிறது? வந்த புதிதில், முப்பது வருடமாக அதே தெருவில் குடியிருக்கும் ஒரு மனிதரிடம் தபால் கந்தோர் எங்கே என்று கேட்டேன். 'அஸ் ஃபார் அஸ் ஐ நோ' அடுத்த மூலையில் என்றார். எனக்குத் தெரிந்த மட்டில் என்று அர்த்தம். பாவம், இவருக்கும் தெரியாதுபோல என்று எண்ணிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய் இன்னொருவரை நிறுத்தினேன். அவர் 'ஐ குட் பீ ராங்' என்று தொடங்கினார், நான் சொல்வது பிழையாகவும் இருக்கலாம் என்று. தபால் கந்தோர் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

புத்தளம் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? நம்மூரில் வழி கேட்டால் தெரியாதவர்தான் முதலில் கை காட்டுவார். 'தெரியா' என்று சொல்லி ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவது நமக்கு மரியாதைக் குறைவு. கற்பிட்டி பஸ் எப்போது என்று கேட்டால், அது கிளம்பவே இல்லை என்று தெரிந்தவரும் 'இந்தா வருது' என்று ஆறுதல் சொல்லுவார். ஆகவே பல வருடங்களாக நான் இந்த வெள்ளைக்காரர்களை ஒரு வகைக் கோழைகள் என்றே எண்ணியிருந்தேன். எதற்கும் பொறுப்பேற்காத, கழுவுற மீனில் நழுவுற மீன்கள். வீட்டில் அது எங்களுக்கு ஒரு பகிடியாகவும் ஆகியிருந்தது. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் என் மனைவி சட்டியைத் திறந்து பார்த்து, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, 'ஐ திங்க் சோ' என்பாள்.

பிறகு அந்த மழை நாள் வந்தது. காலை நேரம், ஒரு சந்தியில் இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். சக்கரத்தடியில் ஏதோ தட்டுப்பட்ட சத்தம். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு சைக்கிள்காரன் விழுந்து கிடக்கிறான், கையைப் பிடித்துக்கொண்டு. மணிக்கட்டு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் பார்க்காமல் திருப்பினேன் என்று அவன் முறைப்பாடு கொடுத்தான். டிப்போவில் விசாரணை வைத்தார்கள். என் பக்கம் பிழை என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இங்கே இருப்பதற்கான விசா எல்லாமே ஆடிப்போகும். பஸ்ஸின் இடப்பக்கக் கமெராவில் மழைத்துளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மிஞ்சியது கண்ட சாட்சிகள் மட்டும்தான்.

சாட்சிகள் இருவர். ஒருவர் நடைபாதையில் நின்ற மனிதர். மற்றவர் மிஸிஸ் பார்லோ, என் பஸ்ஸில் தினமும் ஏறும் வயதான பெண். அன்றைக்கு முன் ஆசனத்தில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர். எனக்கு அவரைக் கண்டால் பிரியம். ஏறும்போதும் இறங்கும்போதும் நன்றி சொல்லாமல் போகமாட்டார். அவர் வாய் திறந்தால் நான் தப்பினேன் என்று நம்பியிருந்தேன். விசாரணையில் டிப்போ மெனேஜர் அவருடைய வாக்குமூலத்தை வாசித்தார். எனக்குத் தெரிந்த மட்டில், பஸ் திரும்பத் தொடங்கிய பிறகுதான் சைக்கிள் வந்தது. ஆனால் அதற்கு முன்னர் நான் என் சாமான் லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே சைக்கிள்காரர் முன்பே அங்கே நின்றாரா என்று சொல்ல முடியாது. சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்டதாக நினைக்கிறேன். ஆனால் தினமும் கேட்கிற சத்தம் அது, வேறொரு நாளின் ஞாபகமாகவும் இருக்கலாம்.

மூன்று வருடமாகச் சலாம் போடாத குறையாக வரவேற்ற என்னை இந்தப் பெண் நட்டாற்றில் விட்டுவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது. கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும்? மெனேஜர் தாளை மேசையில் வைத்து, இவர் மிக நல்ல சாட்சி என்றார். நக்கல் பண்ணுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது நடைபாதை மனிதரின் வாக்குமூலம். அதில் எல்லாம் நூற்றுக்கு நூறு. சாரதி கண்ணாடி பார்க்கவில்லை, சிக்னல் போடவில்லை, கையில் ஃபோன் இருந்தது, பேசிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபோது எனக்கு வேர்த்ததற்குக் காரணம் வேறு. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அது என்னுடைய குரல்.

புத்தளத்துக்குப் பக்கத்தில், பாலாவிச் சந்தியில் ஒரு விபத்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் நாற்பது சாட்சிகள் சேர்ந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேர் சத்தம் கேட்டு வந்தவர்கள். ஆனாலும் எல்லாரும் ரெண்டு கண்ணாலும் கண்டவர்கள். வாலிப வயதில் நான் கற்பிட்டி – புத்தளம் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக நின்றேன். ஒருநாள் அந்தச் சந்தியில் எங்கள் பஸ்ஸும் உப்பு மூட்டை ஏற்றி வந்த ஒரு லொறியும் மோதின. எங்கள் பயணி ஒருவரின் கால் போனது. லொறிச் சாரதி சலீம் நானா, எங்களில் அண்ணனை நானா என்போம், தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் இருந்தவர். அவருக்காகப் பேச அங்கே ஒரு ஆளும் இல்லை. 'வந்த ஆக்கள்' என்று அப்போது நாங்கள் அவர்களைச் சொல்வது வழக்கம். பொலிஸில் நான் வாக்குமூலம் கொடுத்தேன். லொறிதான் பிரேக் பிடிக்காமல் வந்தது, என் ரெண்டு கண்ணாலும் கண்டேன். ஒருவரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சலீம் நானாவின் லைசன்ஸ் போனது, சில மாதம் மறியலில் கம்பிக்குப் பின்னாலும் இருந்தார். நான் அந்த மோதலைக் காணவே இல்லை.

டிப்போ அறையில் மெனேஜர் அமைதியாக உள்கமெராப் படத்தைப் போட்டுக் காட்டினார். முகம் அதில் விழவில்லை. ஆனால் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, ஃபோன் இல்லை. நூற்றுக்கு நூறு சொன்னவரின் சாட்சி அத்தோடு முழுதாக விழுந்தது. மிஸிஸ் பார்லோவின் சாட்சி அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரம்பு கட்டுவதுபோல, கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம் என்று அந்தப் பெண் பிரித்து வைத்திருந்தார். காணாததைக் காணவில்லை என்று சொன்னதால்தான் அவர் கண்டதற்கு அத்தனை பெறுமதி. நான் பிரமித்துப்போனேன். பிடித்த ஒருவரைக் காப்பாற்றக்கூட அவர் தன் கண்ணுக்கு எட்டியதைத் தாண்டி ஒரு விரற்கடை தூரம் போகவில்லை. என்னால் அது முடிந்திருக்காது.

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். திருப்புவதற்குச் சற்று முன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். 'ஹண்ட்ரட் பர்சென்ட்' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். பார்த்திருப்பேன் என்று நம்புகிறேன், எப்போதும் பார்ப்பவன். ஆனால் அந்த ஒரு தடவை பார்த்தது எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். எனக்காக வந்து பக்கத்தில் இருந்த தொழிற்சங்கக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மெனேஜர் எழுதிக்கொண்டு, நன்றி, உதவியாக இருந்தது என்றார். ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இரண்டு நாள் மறுபயிற்சியும் கிடைத்தன. வேலை நிலைத்தது.

இங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. வாடகைக்கு வீடு கேட்கும்போது இதே வார்த்தைகளால் வழுக்கிக்கொண்டு போனவர்களையும் கண்டிருக்கிறேன். நம்மிடமும் 'அல்லாஹு அஃலம்' இருக்கிறது, அல்லாஹ்வே நன்கறிந்தவன். ஜும்ஆவில் மௌலவி பயானை முடிக்கும்போதெல்லாம் கேட்ட வார்த்தை. பேச்சு முடிந்ததும் கதவைச் சாத்தும் வார்த்தை என்றுதான் அதை எண்ணியிருந்தேன். ஒரு பொலிஸ் புத்தகத்துக்கு முன்னால் நின்று சொல்லவேண்டிய வார்த்தை என்று எண்ணவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு பாலாவிக்குப் போனேன். சலீம் நானா ரோட்டோரம் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தார். ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழ் வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். பிறகு, "நானா, அண்டைக்கு நான் ஒண்டும் காணல்ல" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும். நீ பின்கதவடியில ஆக்கள உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு நிண்டாய். மோதக்குள்ள உன்ட முதுகத்தான் நான் கண்டன்" என்றார்.

பொலிஸுக்கோ கோட்டுக்கோ எங்கே என்றாலும் வந்து சொல்லுகிறேன் என்றேன். அது முடிந்த கதை என்றார். ஆனால் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, நான் சொன்னதை இன்னொரு தடவை அவருக்கு முன்னால் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பெண் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுவிட்டு உள்ளே போனார்.

"அப்ப யாருட பிழை எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார் சலீம் நானா.

தெரியவில்லை என்றேன். அவர் டியூபை மறுபக்கம் திருப்பி அமுக்கினார். "பிரேக் புடிச்சன் எண்டு ஊரெல்லாம் சத்தியம் பண்ணித் திரிஞ்சன்" என்றார். "புடிச்சன் எண்டுதான் நினைக்கிறன்."

உள்ளேயிருந்து இரண்டு கோப்பை பிளேன்டீ வந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. சலீம் நானா கையைத் துடைத்துக்கொண்டு, நம்மூரில் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். எப்போது ஊரோடு வந்து இருக்கப்போகிறாய்? மற்றவர்களுக்கெல்லாம் 'இன்ஷா அல்லாஹ், வருவன்' என்று பட்டென்று சொல்லியிருந்தேன். இவரிடம் அது வரவில்லை.

"வருவன் எண்டு நினைக்கிறன், நானா."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அப்ப நீ வரமாட்டாய். எங்களிட்டயும் கேக்கிறாங்க தம்பி, மன்னாருக்கு எப்ப திரும்பிப் போறீங்க எண்டு. நாங்களும் இதத்தான் சொல்லுற. போவம் எண்டு நினைக்கிறம்."

வடக்கே போகும் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. அது புத்தளம் பக்கம் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க.