எதிர்க்கரையில் ஓர் அறை

எங்கள் கரையில் சொந்தக்காரர்களை யாரும் வீட்டுக்கு அழைப்பதில்லை. அழைப்பெல்லாம் பாதிரியாருக்கும், சம்பந்தி வீட்டாருக்கும், மிலானிலிருந்து வரும் முதலாளிமாருக்கும்தான். கூடப்பிறந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், அடுப்பிலிருக்கும் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், உப்பு போதவில்லை என்று குறை சொல்லிவிட்டு உட்காருவார்கள். 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, அவர்களை வெளியாளாக்கிவிட்டோம் என்று அர்த்தம். கோமோ ஏரியின் கிழக்குக் கரையில் எல்லோருக்கும் இது பழக்கம். தெக்லாவுக்கு மட்டும் வேதம்.

தெக்லா படகுத்துறைக்கு எதிரே புகையிலைக் கடை வைத்திருந்தவள். சிகரெட், தபால்தலை, படகுச் சீட்டு எல்லாம் அவளிடம்தான். வாய் கொஞ்சம் நீளம். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தால், "சிரிச்சது போதும், படகு போயிடும், ஓடு" என்பாள். அந்தப் படகுகளில் கயிறு வீசிக் கட்டும் வேலை பார்த்தவன் அவள் கணவன் ஒத்தாவியோ. பிள்ளைகள் இல்லை. ரத்த சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு அக்கா, இர்மா.

இர்மா கல்யாணமான கையோடு புருஷனுடன் ஆஸ்திரேலியாவின் வடக்கே கரும்பு வெட்டப் போனவள். அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், ஈஸ்டருக்கு ஒரு போன். அம்மா செத்தபோது அறுவடைக் காலம், வர முடியவில்லை. வீடு தங்கைக்கே இருக்கட்டும் என்று தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். தெக்லா அதற்கு நன்றி சொல்லவில்லை. கூடப்பிறந்தவளுக்கு நன்றி சொல்வதா என்பது அவள் கட்சி. நன்றி சொல்லாததை அக்கா எப்படி எடுத்துக்கொண்டாளோ, அதை இவள் யோசித்ததே இல்லை.

ஒரு கோடையில், எந்தப் பண்டிகையும் இல்லாத நாளில், இர்மாவின் போன் வந்தது.

"தெக்லா, நான் அங்க வரேண்டி! அக்டோபர்ல. பசங்க செலவு பண்றானுங்க."

எந்த அறையை ஒழிப்பது, எந்த மெத்தையை வெயிலில் போடுவது என்று தெக்லாவின் மனசு வீடெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுத்ததைச் சொன்னாள்.

"ஏரி பாத்தாப்ல நல்ல ஓட்டலா ஒண்ணு பாத்துச் சொல்லேன். கொஞ்சம் ஒசத்தியாவே இருக்கட்டும். நீதான் அங்கயே இருக்கியே, உனக்குத் தெரியாததா?"

"பாத்துச் சொல்றேன்" என்றாள் தெக்லா. அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு, சமையலறையில் இருந்த பாத்திரங்களை எல்லாம் கழுவினாள். கழுவி வைத்திருந்தவற்றையும் கழுவினாள்.

"யாரு போன்ல?" என்றான் ஒத்தாவியோ.

"மகாராணி. ஊருக்கு வராளாம். ஓட்டல் வேணுமாம்."

"நம்ம வீட்டுக்கே வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்குச் சொல்லணும்? அவ பொறந்த வீட்டுக்கு அவளை நான் கூப்பிடணுமா? அந்தப் படியில விழுந்துதானே அவ பல்லு போச்சு? நான் என்ன, சத்திரமா நடத்தறேன்?"

"ஒரு வார்த்தைதானே தெக்லா. சொன்னா வாய் வெந்துடுமா?"

"உனக்குப் புரியாது கிழவா. நீ கயிறு வீசினவன். யார் கரைக்கு வந்தாலும் கட்டிப் போடுவே."

ஒத்தாவியோ செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனுக்கு அது பழகிவிட்டது.

அன்று ராத்திரியே தெக்லா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அக்காவுக்கு ஓட்டல் வேண்டும், அவ்வளவுதானே? கொடுத்தால் போச்சு. ஆனால் இரண்டாம் நாளே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும்படியான ஓட்டலாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஏரியின் வெயிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கிழக்குக் கரைக்குச் சாயங்காலம் வரை வெயில் உண்டு. மேற்குக் கரைக்கு மலை முதுகிலேயே நிற்கிறது. இலையுதிர்காலம் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய காபி ஆறுவதற்குள் அங்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் ஈரம், பாசி, எலும்புக்குள் இறங்கும் குளிர். 'காளான் கரை' என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை எந்தக் கரை என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள். அந்தக் கரையில் ஒருத்தி விருப்பப்பட்டு வாழ்கிறாள் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுவாரம் தெக்லா தேவாலயத்துக்குப் போகும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஓட்டல் பார்க்கக் கிளம்பினாள். முதலில் எங்கள் கரையிலேயே இருக்கும் ஓட்டல். வீட்டிலிருந்து நாலு எட்டு. மாடியில் வெயில் கொட்டிக் கிடந்தது. எலுமிச்சைத் தொட்டிகள், வெள்ளைக் குடைகள், பஞ்சு மாதிரி நாற்காலிகள். இங்கே வந்தால் அவள் ஜென்மத்துக்கும் நகரமாட்டாள் என்று தெக்லா அதை அங்கேயே தள்ளினாள். அடுத்தது ஏரி முனையில் இருந்தது. அங்கே சமையல் பிரமாதம் என்று ஊரே சொல்லும். அதனாலேயே அதுவும் வேண்டாமென்று ஆயிற்று.

பிறகு படகேறி எதிர்க்கரைக்குப் போனாள். 'வில்லா ஒர்தேன்சியா' ஒரு காலத்தில் பிரபுவின் மாளிகையாக இருந்து ஓட்டலானது. பளிங்குப் படிகள், சுவரெல்லாம் பழைய ஓவியம், தண்ணீர் வரைக்கும் இறங்கும் தோட்டம். ஜூலையில் அங்கே ஓர் அறைக்கு அடிதடி நடக்கும். வரவேற்பில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் அவளுக்கு அறை அறையாகக் காட்டினார்.

"அக்டோபர்ல இங்க எத்தனை மணிக்கு வெயில் போகும்?" என்று கேட்டாள் தெக்லா.

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். "எங்க பக்கம் வெளிச்சம் ரொம்ப மென்மையா இருக்கும், சீமாட்டி."

"மென்மை கிடக்கட்டும். வெயில்?"

"மதியத்துக்கு மேல... கொஞ்சம் குறையும்."

"இதுலயே ஈரமான அறை எது?"

அவர் நல்ல மனிதர். தன் காதை நம்பாமல் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, தோட்டத்தை ஒட்டிய கீழ்த்தள அறையைத் திறந்து காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சுவர் முழுக்கப் பாசி. தெக்லா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. முகம் மலர்ந்து, "இதுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாடி அறையை ஒழித்தாள். அந்த அறையில்தான் அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தார்கள். மெத்தையை வெயிலில் போட்டு அடித்தாள், விறகு பிளந்து அடுக்கச் சொல்லி ஒத்தாவியோவின் இடுப்பை ஒடித்தாள். அக்காவுக்குப் பிடிக்குமென்று ஏரி மீன் கருவாடு ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்தாள். அதைச் சுட்டு, சுடச்சுடச் சோள மாவுக் களியோடு வைத்தால் செத்தவனும் எழுந்து உட்காருவான். ஒத்தாவியோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு வேலை பாக்கறதுக்குப் பதிலா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்" என்றான். அன்று ராத்திரி அவனுக்குக் களி ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

இர்மா வந்து இறங்கினாள். பெரிய தொப்பி, மெலிந்த உடம்பு, மூக்கின் மேல் ஒரு பிளாஸ்திரி. துறையில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுத சூட்டோடு தெக்லா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிர்க்கரைக்குப் போகும் படகில் பெட்டியை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் வீட்டு வாசல் மணி அடித்தது. ஒத்தாவியோ எழுந்தான், தெக்லா அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போனாள். கதவு சாத்திக்கூட இல்லை, வெறுமனே ஒருக்களித்துத்தான் இருந்தது. வெளியே இர்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் கடையில் வாங்கிய கேக் தட்டு, ரிப்பன் கட்டி.

அந்த ரிப்பனைப் பார்த்ததும் தெக்லாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. விருந்தாளிதான் மணி அடிப்பான். விருந்தாளிதான் கேக் தட்டு கொண்டுவருவான். ஆகவே விருந்தாளிக்கு வைப்பதுபோல் நல்ல தட்டுகளை எடுத்து வைத்தாள். கருவாட்டை எடுக்கவே இல்லை. இர்மா சமையலறைப் பக்கம் எட்டிப்பார்த்தாள். "நீ உக்காரு, உக்காரு. உனக்கெதுக்குச் சிரமம்?" என்று தெக்லா அவளை மறித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சாப்பாடு நன்றாக இருந்தது. பேச்சும் மரியாதையாக இருந்தது. ஒத்தாவியோ ஒருவன்தான் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சரி, குளிர் தன் வேலையைச் செய்யட்டும் என்று தெக்லா காத்திருந்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. பெட்டியும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. புதன்கிழமை பொறுக்கமாட்டாமல், வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகாகப் பார்த்துப் படகேறினாள். கையில் ஒரு கம்பளிப் போர்வையும் எடுத்துக்கொண்டாள். நடுங்கிக்கொண்டிருப்பாள் பாவம் என்று கொஞ்சம் சந்தோஷமும் கொஞ்சம் இரக்கமுமாகப் போனாள்.

இர்மா தோட்டத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பில்லை. கையில்லாத கவுன். பாசி படிந்த சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வாடி, வா! உக்காரு. எப்படிடி கண்டுபிடிச்சே இந்த இடத்தை?"

"குளிரலையா உனக்கு?"

"குளிரா?" இர்மா கைகளை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். "வெயில் தின்ன கை இது. கரும்புக் காட்டுல நிழல் ஏது? வருஷா வருஷம் தோல்ல புத்துநோய்னு டாக்டர் இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு வெட்டி எடுக்கறார். இப்ப மூக்குலயும். அங்க இருக்கறப்ப இந்த ஏரிய நெனைப்பேன்; ஏரியில எதை நெனைப்பேன்னு நெனைக்கறே? இந்தக் காளான் கரையத்தான். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லாமயே நீ பாத்துக் குடுத்துட்டே. ரத்தம்னா சும்மாவா?"

தெக்லாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மண்ணாங்கட்டி! நீ குளிர்ல நடுங்கி வீட்டுக்கு ஓடி வரணும்னுதான் இங்க கொண்டாந்து போட்டேன். இருக்கறதுலயே ஈரமான ரூமா கேட்டு வாங்கினேன். மெத்தை போட்டு வெச்சிருக்கேன், விறகு அடுக்கி வெச்சிருக்கேன். நீ மணி அடிச்சிட்டு வந்து நிக்கறே, மணி! நம்ம அம்மா வீட்டு வாசல்ல!"

இர்மா எழுந்து நின்றாள். முகத்தில் இருந்த நிம்மதி எங்கோ போய்விட்டிருந்தது.

"அப்ப ஏண்டி சொல்லல?"

"எதைச் சொல்லணும்?"

"வீட்டுக்கு வான்னு! ஓட்டல் பாக்க எனக்கு ஆளா இல்ல? என் பேரனைக் கேட்டா அரை நிமிஷத்துல பாத்துக் குடுப்பான். உங்கிட்ட ஏன் கேட்டேன்? 'ஓட்டலா, வெளக்குமாத்தால அடிப்பேன், வீடு இருக்கு வா'ன்னு நீ கத்துவேன்னு நெனைச்சேன். ரெண்டு வாரத்துல ஓட்டல் பேரைச் சொல்றே. ரூம் நம்பரோட!"

"உன் வீட்டுக்கு உன்னை எப்படிக் கூப்பிடறது?"

"என் வீடு இல்லடி அது. நான் எழுதிக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை பதில் சொன்னியா நீ? வேண்டியதை வாங்கிக்கிட்டா, இனிமே நமக்கென்ன உரிமைன்னு நானும் இருந்துட்டேன். மணி அடிக்காம எப்படி வருவேன்?"

எத்தனையோ வருஷம் கழித்து அந்த மௌனத்துக்கு அப்படியும் ஒரு அர்த்தம் உண்டென்று தெக்லாவுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் தெக்லாவுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சரி, போனது போகட்டும்" என்றாள் இர்மா. அவள் குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு மறுநாள் கிளம்பறேன். இப்பவாவது சொல்லு. பெட்டியை எடுத்துக்கிட்டு இப்பவே உன்னோட வரேன்."

"நீ கேட்டு நான் சொல்றதா? கேட்டு வாங்கினா அது என்ன அழைப்பு?"

"சொல்லுடி."

"கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டா போகணும்? எழுந்து வாயேன். காலு இருக்குல்ல?"

"நீ சொல்லு, வரேன்."

"நீ வா, அப்புறம் பாரு."

இரண்டு பேரும் ஒரே பிடிவாதக்கார அம்மா பெற்றவர்கள்தான். தோட்டத்து விளக்குகளை ஏற்ற வந்தவன் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கமாகப் போய்விட்டான். கடைசிப் படகு துறைக்கு வந்து சங்கு ஊதியது. தெக்லா கம்பளியை பெஞ்சின் மேல் போட்டாள். "ராத்திரிக்கு இதைப் போத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் படகை நோக்கி நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று படகு கிளம்பும் வரை காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சமையலறையில் தனியாக நின்று பழகினாள் என்று ஒத்தாவியோ பின்னால் எங்களிடம் சொன்னான். 'வீட்டுக்கு வா அக்கா' என்று ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அதட்டலாக, ஒருமுறை சிரித்துக்கொண்டு. அவன் உள்ளே வந்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாளாம். ஈஸ்டருக்கு போன் வந்தது. மூக்கு ஆறிவிட்டதாகவும் அக்டோபரில் மறுபடியும் வரப்போவதாகவும் இர்மா சொன்னாள்.

"அதே ஓட்டல்ல அதே ரூம் கெடைக்குமான்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு இர்மா பேசாமல் இருந்தாள். மறுமுனையில் அக்கா மூச்சு விடுவது நன்றாகக் கேட்டது; அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. ஒத்தாவியோ வாசற்படியில் நின்று, சொல்லு, சொல்லு என்று இரண்டு கையாலும் சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

"பாக்கறேன்" என்றாள் தெக்லா.

மறுநாள் காலைப் படகில் எதிர்க்கரைக்குப் போய், அக்காவுக்கு அந்த அறையைப் பதிவு செய்துவிட்டு வந்தாள்.