தேய்த்தும் போகாத பிசுக்கு

கழுவுற வேலையில ஒரு சங்கடம் இருக்குது: ஒழுங்கா செஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாது, ஒரு நாள் விட்டுட்டா எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஓட்டல்லயோ ஆஸ்பத்திரியிலயோ சத்துணவுக் கூடத்துலயோ கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்துப்போன என் கூட்டாளிங்களே, உங்களுக்கு இது புரியும். விருத்தாசலத்துல இருபது வருஷம் பீங்கான் பட்டறையில கிளேஸ் முக்கினவ நான். சுட்ட ஜாடியக் கரைசல்ல முக்கி எடுத்துத் திரும்பவும் சுட்டா கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும், அந்த வேலை. இடுப்பு வலி வந்தப்புறம் காலேஜு லேபுல பாட்டில் கழுவ வந்துட்டேன். படிப்பு அஞ்சாவது. கை மட்டும் எம்.ஏ.

போத்திக்கிட்ட கிருமி

எங்க லேபுல ஆராய்ச்சி பண்றது மேகலா. தினம் ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து பஸ்ஸுல வரும். மேடம்னு கூப்பிட்டா கோவிச்சுக்கும், அதனால பாப்பான்னுதான் கூப்பிடுவேன். ஒரு நாள், "நீ என்னதான் பாப்பா பண்ற?"ன்னு கேட்டுட்டேன். பாப்பா பொறுமையா சொல்லிச்சு. குடல்ல பூந்து வயித்துப்போக்கு உண்டாக்குற கெட்ட கிருமி, தனியாத் திரிஞ்சா மருந்துல செத்துடும். அதுவே கூட்டமா ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டா, தானே ஒரு பிசுக்கச் சுரந்து மேல போத்திக்குமாம். அப்புறம் மருந்து உள்ள போகாது. ஒரு மருந்தால ஆகாதது ரெண்டு மருந்து சேர்ந்தா ஆகுமான்னு பார்க்கறதுதான் அதோட வேலை.

"அப்படின்னா கிருமி கிளேஸ் போட்டுக்குதுன்னு சொல்லு. கிளேஸ் போட்ட ஜாடியில தண்ணி ஊறுமா?"ன்னேன். பாப்பா என் கையப் புடிச்சிக்கிச்சு. "நாலு வருஷமா நான் என்ன படிக்கறேன்னு எங்க வூட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா, இன்னிக்கே போயி இதச் சொல்லிடறேன்!"

சுத்தம் பண்ண பாவம்

காசு அளவுல வெள்ளைப் பீங்கான் பில்லைங்க, மெட்ராஸ்லேருந்து டப்பாவுல வரும். அதுமேல கிருமிய வளர விட்டு, மருந்து ஊத்தி, அப்புறம் சூடு காட்டி கிருமியக் கொன்னு காய வெப்பாங்க. கடைசியா ஊதாச் சாயம் ஊத்துவாங்க. பிசுக்கு மிச்சம் இருந்தா பில்லை ஊதா, போயிருந்தா வெள்ளை. இத மூணு தரம் செஞ்சு ஒரே மாதிரி வரணும். ரெண்டு தரம் வந்துடுச்சு. மூணாவதுக்குப் பில்லைங்கள ஒரு தட்டுல போட்டு, தொட்டிக்குப் பக்கத்துல காய வெச்சிட்டு பாப்பா சாப்பிடப் போயிடுச்சு.

நான் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுன்னு இருந்துது. பிசுக்கக் கண்டா நம்ம கை சும்மா இருக்குமா? சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, பளிச்சுன்னு அடுக்கி வெச்சேன். திரும்பி வந்த பாப்பா தட்டப் பார்த்துட்டு ஸ்டூல்ல உட்கார்ந்துடுச்சு. டப்பாவுல பில்லை தீந்துபோச்சு, புதுசு வர ஒரு மாசம் ஆகும். மூணு வாரத்துல கமிட்டி வருது. அவங்ககிட்ட மூணாவது தரத்தக் காட்டலேன்னா ஆராய்ச்சிய இத்தோட நிறுத்திக்கச் சொல்லிடுவாங்களாம். பாப்பாவோட புரொபசர் சாரு வந்து தட்டப் பார்த்தாரு, என்னையும் பார்த்தாரு. "இந்தக் கட்டடத்துலயே வேலைய ஒழுங்கா செய்யறது நீங்க ஒருத்தர்தாங்க, அதுதான் இப்ப பிரச்சனையே."

பிஸ்கட்டு

"அழாத பாப்பா, நாளைக்கு பட்டறையிலேருந்து பிஸ்கட்டு கொண்டாரேன்"னேன். அது முறைச்சுது. "இப்ப எனக்குப் பிஸ்கட்டு ஒண்ணுதாம்மா கொறச்சல்!" அப்புறந்தான் விளக்கினேன்: கிளேஸ் போடாம ஒரு சூடு மட்டும் பார்த்த பீங்கானுக்குப் பட்டறையில பிஸ்கட்டுன்னுதான் பேரு.

மறுநாளே அதே காசு அளவுல பிஸ்கட்டுப் பில்லைங்களக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறும் பில்லையில சாயம் ஊத்திப் பார்த்தா, பிசுக்கே இல்லாதது பூரா ஊதா! பிஸ்கட்டு சாயத்தையே குடிச்சிடுச்சு. எனக்கே வெக்கம். நாக்குல வெச்சா எச்சிலக் குடிச்சு ஒட்டிக்கிற சாமான்னு தெரிஞ்சும் யோசிக்காம விட்டுட்டேனே! திரும்ப ஓடினேன் பழைய முதலாளிகிட்ட. "கிளேஸ் வேணாம், ஆனா ரெண்டாவது பெரிய சூடும் காட்டுங்க. தண்ணி குடிக்கக் கூடாது, பிசுக்கும் வழுக்கக் கூடாது"ன்னேன். அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. "இருபது வருஷம் ஒரு தூசி ஒட்டக்கூடாதுன்னு என் உயிர எடுத்தவ, இப்ப அழுக்கு ஒட்டுற பில்லை கேட்டு வந்து நிக்கறியே அஞ்சலை!"

வெள்ளை

அந்தப் பில்லை சாயத்தக் குடிக்கல, சரியா அமைஞ்சுது. சாயம் ஊத்துற அன்னிக்கு நான் கையக் கட்டிக்கிட்டு தூரமா நின்னேன். ஒண்ணாம் மருந்து மட்டும் போட்டது ஊதா. ரெண்டாம் மருந்து மட்டும் போட்டதும் ஊதா. ரெண்டும் சேர்த்துப் போட்டது சூளையிலேருந்து அப்பத்தான் எடுத்த மாதிரி வெள்ளை! ஒண்ணு போர்வையக் கிழிக்குது, இன்னொண்ணு உள்ள போயி அடிக்குது.

பட்டறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளிக்கு அன்னிக்குன்னு பார்த்து வயிறு சரியில்ல. "அந்த ரெண்டையும் கலந்து ஒரு பாட்டில் வாங்கியா"ன்னு ஒரே அடம். வேற வழியில்லாம பாப்பாவுக்குப் போனப் போட்டு அவருகிட்டயே கொடுத்தேன். அது பேசினது எனக்கே கேட்டுது. "பில்லையில மட்டுந்தான் பலிச்சிருக்குதுங்க ஐயா, மனுஷனுக்குக் குடுக்க இன்னும் எத்தினியோ வருஷம் ஆகும், நீங்க மொதல்ல டாக்டரப் பாருங்க."

கமிட்டி

மூணு பேரு வந்தாங்க. அதுல கண்ணாடி போட்ட பெரியவரு, வெள்ளைப் பில்லைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இவ்வளவு வெள்ளையா வராதேம்மா. முன்னாடி ஒரு தரம் யாரோ தேய்ச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இதுவும் மருந்தால போனதா, பிரஷ்ஷால போனதா?" பாப்பா முகம் செத்துப்போச்சு. நான் கதவோரம் டீ டம்ளரோட நின்னுக்கிட்டிருந்தேன். வாய் தானா வந்துடுச்சு: "ஐயா, தேய்ச்சவ நான்தாங்க. மருந்து போடாத பில்லை ஒண்ணு, பிசுக்கோட குடுங்க. இப்பவே உங்க கண்ணு முன்னாடி தேய்க்கறேன்."

சூடு காட்டிக் காய வெச்ச பில்லை ஒண்ணு கொடுத்தாங்க. சோப்புத்தூள், பிரஷ்ஷு, இருபது வருஷத்துக் கை, எல்லாத்தையும் போட்டுத் தேய்ச்சேன். பார்வைக்குப் பளிச்சுன்னு ஆச்சு. பாப்பா அதுமேல சாயத்த ஊத்தி அலசிச்சு. பார்த்தா, கிளேஸ் போடாத மேனியில கண்ணுக்குத் தெரியாத குழிங்க இருக்குதே, ஒவ்வொண்ணுலயும் ஊசி குத்தின மாதிரி ஊதாப் புள்ளி! மருந்து ரெண்டும் பட்ட பில்லையில ஒரு புள்ளி கெடையாது. பெரியவரு பூதக்கண்ணாடி வெச்சு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டு, பாப்பாவ இல்ல, என்னைப் பார்த்துச் சொன்னாரு: "இந்தம்மா கையால போகாதது மருந்தால போயிருக்குதுன்னா, இதுக்கு மேல எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல, நீ மேல பண்ணும்மா மேகலா."

இத்தினி வருஷத்துல ஒரே ஒரு தரந்தான் என் கை சரியாக் கழுவல, அதுக்குத்தான் மூணு பெரிய மனுஷங்க கை தட்டினாங்க.