நடுத் தட்டில் வைத்த கண் மருந்து

மருந்துக்கடையில் மருந்து விற்பது கால்வாசி வேலைதான்; மிச்சம் முக்கால்வாசி, விற்ற மருந்துக்கு வக்காலத்து வாங்குவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிப்போன சக கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாராவியில் என் கடைக்கு வரும் இசக்கி என்ற ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

கண்ணுக்கு ஏன் மூட்டு ஊசி?

இசக்கிக்கு முப்பத்தைந்து வயது. தோல் பை தைப்பவர். காலையில் எழுந்தால் முதுகு மரக்கட்டையாக இருக்கும். மிஷின் முன்னால் குனிந்தே இருப்பதால் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். கண் சிவப்பது அவருக்குத் தனிக் கதை. சொட்டு மருந்தில் அடங்கும், இரண்டு மாதத்தில் திரும்பும். வலது கண் ஏற்கெனவே கொஞ்சம் மங்கிவிட்டது. இப்படியே வந்துகொண்டிருந்தால் மிச்சப் பார்வையும் போகலாம் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் பயாலஜிக் ஊசியை எழுதிக் கொடுத்தார் கண் டாக்டர்.

மொபைலில் தேடினால் அது மூட்டு வாதத்துக்கான ஊசி என்று வந்தது. டாக்டர் மாற்றி எழுதிவிட்டார் என்று சீட்டோடு வந்து நின்றார் இசக்கி. முதுகிலும் கண்ணிலும் இருப்பது ஒரே நோய், கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புசக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பை அடிக்கிறது, அடிக்கத் தூண்டிவிடும் ஒரு புரதத்தை இந்த ஊசி பிடித்துக் கட்டிப்போடும் என்று விளக்கினேன். கண்ணில் அந்த அடியை வாங்கும் யூவியா என்ற பகுதிக்கு லத்தீன்காரர்கள் திராட்சையின் பெயரை வைத்தது உட்பட, கால்மணி நேரம். இசக்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ என் உடம்பே எனக்கு எதிரா யூனியன் வச்சிருக்குன்னு சொல்லுதிய, அண்ணாச்சி."

மாமனாரின் இருமல்

இந்த ஊசி எதிர்ப்புசக்தியை அடக்குவதால், உள்ளே காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் விழித்துக்கொள்ளும். எனவே முதலில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்ற கேள்விக்கு, இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார் இசக்கி. பட்டறையில் தெரிந்தால் பக்கத்து மிஷினில் ஆள் உட்காராது என்ற பயம்.

அவர் மனைவி செல்விதான் கடையில் உண்மையைச் சொன்னார். இசக்கியின் அப்பா அதே ஒற்றை அறையில்தான் டிபி மாத்திரை சாப்பிட்டு முடித்தாராம். டாக்டரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். சோதனையில் நோய் இல்லை, ஆனால் கிருமி தங்கியிருந்ததற்கு அடையாளம் இருந்தது. தடுப்பு மாத்திரை சில வாரம் ஓடிய பிறகுதான் ஊசி ஆரம்பித்தார்கள். செல்வி அலுத்துக்கொண்டார்: "கண்ணுக்கு மருந்து கேட்டுப் போனா, செத்துப்போன மாமாவோட இருமலையெல்லாம்லா விசாரிக்காவ."

பேச்சியக்காவின் ஃபிரிட்ஜ்

ஊசி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். இசக்கி வீட்டில் அது கிடையாது. அடுத்த வீட்டுப் பேச்சியக்காவிடம் உண்டு. இட்லி மாவு வைத்துத் தெருவுக்கே விற்பவர். நானே நேரில் போய் வகுப்பெடுத்தேன். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து கெடும், கதவில் வைத்தால் சூடு ஏறும், நடுத் தட்டுதான் இடம். செல்வியைத் தவிர யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன். பேச்சியக்கா கேட்டார்: "மாவு எடுக்கையில முழங்கை பட்டா பரவாயில்லையா, அதுக்கும் உங்கட்ட வந்து கேக்கணுமா?"

பூட்டிய வீடு

நான்கு மாதத்தில் கண் தெளிந்தது. மரக்கட்டை முதுகும் வளைந்துகொடுத்தது. மே மாதம் பேச்சியக்கா செல்வியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். கிளம்பும்போது நாமெல்லாம் செய்வதைத்தான் அவரும் செய்தார்: ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, வாடை தங்காமலிருக்கக் கதவில் துணியைச் சொருகி, மெயினை அணைத்தார். ஒன்பதாம் நாள் ஊசி எடுக்கப் போன செல்வி பார்த்தது, வெதுவெதுப்பான ஃபிரிட்ஜின் நடுத் தட்டில் தன்னந்தனியாக ஒரு பெட்டி.

இசக்கி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மருந்து தெளிவாகத்தானே இருக்கிறது, போட்டுக்கொண்டால் என்ன என்றார். கெட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பலிக்காத ஊசியை நம்பி உட்கார்ந்திருந்தால் போவது உங்கள் பார்வை என்றேன். டாக்டருக்கு போன் செய்தேன். அதை எறிந்துவிட்டு அன்றே புதிதைப் போடச் சொன்னார், கண்ணையும் காட்டச் சொன்னார். நல்லவேளை, அடுத்த தவணை ஊசி என் கடையில் வந்திருந்தது. கண்ணில் புதிதாக ஒன்றும் இல்லை என்ற சேதி மாலையில் வந்த பிறகுதான் எனக்கு டீ இறங்கியது.

ஆற்றாமையில் பேச்சியக்காவுக்கு போன் போட்டு, கிளம்பும்போது அந்தப் பெட்டியை எடுத்துச் செல்வியிடம் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "தொடக் கூடாதுன்னு மூணு தடவ சொன்னது நீங்கதான, அண்ணாச்சி. நான் தொடல."

சொன்ன பேச்சைக் கேட்காத வாடிக்கையாளரை எப்படியும் சமாளித்துவிடலாம் நண்பர்களே, ஒரு சொல் விடாமல் கேட்கிறவரிடம்தான் நாம் பார்த்துப் பேச வேண்டும்.