கெடு முடிந்த பிறகு மாரியம்மன் காட்டிய வழி

நீலசந்திராவில் வசிக்கும் செல்வி நான். மாரியம்மனை நம்பி வாழும் உங்களிடம், எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் துணி தேய்க்கும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், கொதிக்கும் தட்டு என் வலது கைமேல் இறங்கிவிட்டது. புண் ஆறியது. ஐந்து விரலும் இருந்தன. ஆனால் கையில் உணர்ச்சி இல்லை, பிடிமானம் இல்லை. சோறு பிசைய முடியாது. வேலையும் போனது.

ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு, தொழிலாளர் காப்பீட்டில் விண்ணப்பித்தேன். மருத்துவக் குழுவில் இருந்தவர்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். "விரல் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். நிரந்தர ஊனம் இல்லையென்று தள்ளிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மேல்முறையீடு செய்யலாம், அதற்கு ஒரு கெடு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

என் கணவர் முருகேசன் பெயின்ட் வேலை செய்கிறவர். அவர்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார். ஒருநாள் பின்னும்போது, "இந்தக் கையை வெட்டிப் போட்டாலாவது நம்புவாங்க" என்றேன். அவர் சீப்பை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆடி வெள்ளியன்று அல்சூரில் ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, என் கை பொய் சொல்லலைன்னு அவங்களுக்கு நீயே காட்டு" என்று அழுதேன். எலுமிச்சை விளக்கு ஏற்ற வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கைக்கு என்ன என்று கேட்டாள். அவள் பெயர் கோமதி, வக்கீலாம். எல்லாம் சொன்னேன்.

"அப்பீல் போடலியாக்கா? டைம் முடிஞ்சு போச்சே" என்றாள். "லேட்டுக்குக் காரணம் சொல்லி ஏத்துக்கச் சொல்லலாம். ஜட்ஜ் ஒத்துக்கலைன்னா வாசலோட அனுப்பிடுவாங்க. போட்டுப் பார்ப்போமா?"

மனுப் போட்டோம். விசாரணை நாள் வந்தது. நீதிபதி என்னைக் கூப்பிட்டு, "யாக்கம்மா இஷ்டு லேட்டு?" என்று கன்னடத்தில் கேட்டார். இங்கேயே பிறந்தவள் நான், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஏன் தாமதம் என்ற கேள்விக்கு நாக்கு எழவில்லை. பேச வாயெடுத்து இருமினேன்.

நீதிபதி எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உதவியாளர் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, "சூடு, பார்த்து" என்று சொல்லி என் முன்னால் மேசையில் வைத்தார். பதற்றத்தில் அது காதில் விழவில்லை. வலது கையை டம்ளரைச் சுற்றி வைத்தபடி நின்றேன்.

காகிதத்திலிருந்து தலை நிமிர்ந்த நீதிபதி ஆவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "சுடல்வா அம்மா?" சுடவில்லையா என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். விரல்கள் சிவந்திருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்து கையைத் தூக்கினேன். டம்ளர் நழுவி, தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் எதைக் கேட்டேனோ அதை அப்படியே செய்துவிட்டாள் தாய். உடனே நாக்கும் எழுந்தது. "அப்பீல்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது சார்" என்று கன்னடத்தில் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெடுவைப் பற்றி எழுந்து பேசினார். நீதிபதி கேட்டுவிட்டு, தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்றுக்கொண்டார். நரம்புப் பரிசோதனை செய்யவும் உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் முருகேசன் என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். கோமதி, "நான் பேசறதுக்குத் தயார் பண்ணிட்டு வந்ததுல பாதிய பேசவே இல்லக்கா" என்றாள்.

நரம்பு செத்துவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்தது. தீர்ப்பும் எனக்கே வந்தது. இப்போது மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. கை அப்படியேதான் இருக்கிறது. அதை முந்தானைக்குள் மறைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோமதியும் நானும் அதே அல்சூர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். "இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நாளாகிவிட்டதே என்று தயங்காமல் கூட்டி வாருங்கள். முதலில் தாயிடம் சொல்லுவோம். பிறகு சேர்ந்தே போய் மனுப் போடுவோம்.