ஏலக்காய் ஸ்டோரில் ஒரு மூட்டை நெத்திலி

போடிச் சந்தையில் நெத்திலிக் கருவாடு விலை இறங்கிவிட்டது. உறுதியான செய்தி. சொன்னவர் என் அம்மா. தேனியில் எங்கள் தெருக் கடைகளில் எல்லாம் விலை கேட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், சந்தையிலிருந்தே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

"ஒரு மூட்டை எடுத்துட்டேன்டா."

கேட்டதுமே அந்தப் பழைய நாற்றம் மூக்கில் ஏறியது...

அப்போது நாங்கள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பறித்த காயை நெருப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் அது. அம்மாவுக்குக் காய் பறிப்பது போக இன்னொரு சோலியும் உண்டு. போடியிலிருந்து ஜீப்பு வந்து நிற்பதற்குள், "ஏத்தா, உளுந்து என்ன வெல? கருவாடு எறங்குச்சா?" என்று உள்ளே இருக்கும் பெண்களை விசாரிப்பார். இறங்கியது என்றால் தேவையோ இல்லையோ, மூட்டையாக வந்துவிடும்.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் நெத்திலி அப்படித்தான் வந்தது. மழை பிடித்ததும் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு உப்புகூடக் கரைந்தது. தோட்டத்திலேயே ஈரமில்லாத இடம் ஸ்டோர் ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லாமல், காய் பரப்பிய தட்டுகளுக்குப் பின்னால் மூட்டையை வைத்துவிட்டார் அம்மா.

லோடு ஏற்ற வந்த முதலாளி ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"என்னப்பு இது, ஏலக்காயா நெத்திலியா? இதை எவன் வாங்குவான்? லோடு திரும்பி வந்துச்சுன்னா நீ வேற தோட்டம் பாத்துக்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"மலிவாக் கெடச்சுச்சு. இந்த மழையில வேற எங்க வைக்கச் சொல்றீக?" என்றார் அம்மா. முகத்தில் வருத்தமே இல்லை.

அன்று மாலை மலைப்பாதையில் மண் சரிந்தது. லோடு மலை இறங்கவில்லை. முதலாளியாலும் இறங்க முடியவில்லை. சாமான் ஜீப்பு ஏறவில்லை. அப்பா காயைப் பரப்பி, புரட்டி, மறுபடி பரப்பி நாற்றத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பாதை திறக்கும்வரை லயம் முழுக்க நெத்திலிக் குழம்புதான். முதலாளிக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"ஆத்தா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றவர், அப்புறம் வேறு தோட்டம் பற்றிப் பேசவில்லை. லோடும் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அம்மாவைக் கேள்வி கேட்க ஆளில்லை.

அப்போது விலை தெரிய ஜீப்பு வரவேண்டும். இப்போது போனில் மணிக்கொரு ஆஃபர் வருகிறது. எந்த மழைக்கும் கடை மூடுவதில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"பாதை அடைச்சுக்கிட்டா என்னடா செய்வ?"

எங்கள் வீடு தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டு அறை வீட்டில் மூட்டையை எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. அப்பாவிடம் கருத்துக் கேட்டேன். எழுந்துபோய், தன் துணி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மற்ற விவரம் சாயங்கால பஸ் வந்ததும் தெரியும்.