மல்லாங்கிணறு அத்தையின் பை

கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் துணிப்பை அது. பெண், மாப்பிள்ளை பெயர்கள் துவைத்துத் துவைத்துப் போய்விட்டன. ‘நல்வரவு’ என்ற சொல் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவள் என்பதால் அச்செழுத்து எங்கே இருந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். பதிவு அலுவலகத்தின் மர பெஞ்சில் அந்தப் பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் பொத்தி வைத்து உட்கார்ந்திருந்தார் அத்தை. அன்றைக்கு அவரை நாங்கள் அத்தை என்று சொல்லவில்லை. மல்லாங்கிணத்துக்காரி என்றுதான் வீட்டில் பேச்சு. எங்கள் நிலத்தை முடக்கிப்போடுகிற ஏதோ ஒன்றை அந்தப் பைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்று நானும் பெரியப்பாவும் நிச்சயமாக நம்பினோம்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்ட என்னை வளர்த்தவர் அவர். அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெகுகாலம் போர்மேன். காலையில் வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப்பை, மடிப்பு, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பீடியோ தீப்பெட்டியோ ஒன்று உள்ளே போனால் என்ன ஆகும் என்று பார்த்தவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால்கூட, வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் சட்டைப்பையைப் பார்ப்பார். எனக்கும் அதில் பாதி தொற்றிக்கொண்டிருந்தது. பால்காரர் முதல் அச்சக முதலாளி வரை யாரையும் ஒரு சொல்லுக்கு நம்பியதில்லை நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். பட்டாசுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே இடம் தேடிக்கொண்டிருந்தன. அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பதால் பரப்பான நிலம் தேவை. எங்கள் கரிசல் காடு அதற்குத் தோதாக இருந்தது. கூலிக்கு உழுதுகொண்டிருந்த எங்கள் பூட்டனார், அதாவது பெரியப்பாவின் தாத்தா, தன் சம்பாத்தியத்தில் வாங்கிப்போட்ட காடு. ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் விளைந்ததாம். நான் பார்த்தது வேலிக்கருவேலம்தான். அதை ஒரு கம்பெனிக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்தப் பணத்தில்தான் என் கல்யாணம் நடக்க வேண்டும், ஒழுகுகிற வீட்டைப் பெரியப்பா இடித்துக் கட்ட வேண்டும். அது நடக்காவிட்டால் எனக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் கைவிட்டுப் போகும். ஆகவே இந்தக் கதையில் நான் வேடிக்கை பார்த்தவள் அல்ல.

கம்பெனியின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். பெரியப்பா தகரப் பெட்டியைத் திறந்து பழைய பட்டா, வரி ரசீது, பூட்டனாரின் உயில் என்று எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார். பொடி எழுத்தைப் படிக்க வீட்டில் நான்தான் ஆள். உயில் சுருக்கமானது. காடு முழுவதும் தன் ஒரே மகனுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, என்று எழுதிவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பூட்டனார் நிறுத்தவில்லை. தன்னை விட்டு மல்லாங்கிணற்றில் தாய்வீட்டோடு போய்விட்ட முதல் தாரத்துக்கோ அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஆத்திரத்தில் எழுதச் சொன்ன வரி என்று படிக்கும்போதே தெரிந்தது. அந்த வரியில் வக்கீலின் விரல் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் வாரிசு யாரென்று கண்டுபிடித்து, எனக்கு இதில் ஒன்றும் வேண்டாம் என்று எழுதி வாங்கி வாருங்கள், அது இல்லாமல் நாங்கள் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பாவுக்கு அந்தக் கதை தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். பூட்டனார் பருத்தி வண்டி ஓட்டிக்கொண்டு நாள்கணக்கில் வெளியூரில் கிடப்பவர். ஒருமுறை திரும்பி வந்தபோது மனைவி முழுகாமல் இருந்திருக்கிறாள். யாரோ எதையோ காதில் ஓத, இவர் நம்பிவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டு மல்லாங்கிணற்றுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. பிறந்தது ஆண்பிள்ளை. பூட்டனார் மறுதாரம் கட்டிக்கொண்டார், அதில் பிறந்தவர்தான் என் தாத்தா. சந்தேகப்படுகிற குணம் எங்களுக்குப் பட்டாசுக் கம்பெனியால் மட்டும் வந்ததல்ல என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஆண்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் கிழவர். பங்குனியில் எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது பங்காளிகள் எல்லாம் தலைக்கட்டு வரி கொடுப்போம். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆண்பிள்ளை இல்லாதவர் தலைக்கட்டை மகள் வயிற்றுப் பேரன் தொடரலாம் என்பது எங்கள் வழக்கம். வரி கொடுத்தவர் வீட்டுக்குத்தான் கிடாய்க்கறியில் பங்கு உண்டு. வரி என்பது பெரிய தொகை எதுவும் இல்லை. ஆனால் ஒருவரிடம் அதை வாங்கிக்கொண்டால் அவர் இந்த வம்சம் என்று அர்த்தம். அந்தக் கிழவர் ஒவ்வொரு வருடமும் வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். வரியை மடித்துக் கையில் வைத்திருப்பார். வரி பிரிக்கிற பெரியப்பா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். பொங்கல் பொங்கியதும் கிழவர் தூரத்திலிருந்தே சாமியைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போவார். ஒரு வருடம் வரவில்லை. செத்துப்போனார் என்று யாரோ சொன்னார்கள். அவருடைய ஒரே மகள்தான் இந்த அத்தை.

நானும் பெரியப்பாவும் மல்லாங்கிணறு போனோம். ஓட்டு வீடு. வாசலில் தீப்பெட்டி ஒட்டுகிற அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் அந்தம்மாள் பசை அப்பிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். யார் என்று கேட்கவில்லை. “வாங்கண்ணே, சாப்பிட்டீகளா” என்றார். அந்த ‘அண்ணே’ பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த மோரையும் அவர் தொடவில்லை, நான் மட்டும் குடித்தேன். விஷயத்தைச் சொன்னோம். உயிலைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ‘அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை’ என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். காய்ந்த அட்டை ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, வந்து கையெழுத்துப் போடுகிறேன், நாளை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

என்ன தருவீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. கேட்டிருந்தால் பேரம் பேசி, திட்டி, கொஞ்சம் கொடுத்து முடித்திருப்போம்.  வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே பெரியப்பா சொன்னார்.

“ஒண்ணும் வேணாம்னு சொல்றவள நம்பாத. என்னத்தையோ மனசுல வச்சிருக்கா.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளூர் வக்கீல் யாரையாவது பிடித்திருப்பாள், பதிவன்று எல்லார் முன்னாலும் ஒரு பழைய காகிதத்தை எடுத்து நீட்டுவாள், கம்பெனிக்காரர் கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார் என்றெல்லாம் எனக்கு ஓடியது. கல்யாணப் பேச்சை வேறு கெடுத்துவிடுவாளே என்று அந்தம்மாள்மேல் வெறுப்பே வந்தது.

பதிவு நாளில் அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் பையோடு. பெரியப்பாவின் கண் பையைவிட்டு நகரவில்லை. கம்பெனி வாசலாக இருந்தால் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்திருப்பார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்களேன், பையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். தாகமில்லை என்றுவிட்டார்.

பத்திரம் எழுதுகிறவர் எதிர்ச்சாரியில் ஒரு கடை போட்டிருந்தார். அங்கே உட்காரவைத்து, பாத்தியதையை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். பெரியப்பா சொன்னபடி, ‘பாட்டனாரை விட்டுப் பிரிந்துபோன பெண்ணின் வகையறா’ என்று அத்தையைக் குறித்திருந்தார். யாருடைய மகள், யாருடைய பேத்தி என்று ஒரு இடத்திலும் இல்லை. அதைக் கேட்டதும் அத்தை குறுக்கிட்டார். குரல் உயரவில்லை.

“எங்கய்யா பேரப் போடுங்க. அவுக அப்பா பேரையும் போடுங்க. போட்டா கையெழுத்துப் போடுறேன்.”

பெரியப்பா எழுந்துவிட்டார். அதெல்லாம் முடியாது, உயிலிலேயே இல்லை என்று எழுதியிருக்கிறது, இப்போது நாங்கள் எழுதிக்கொடுத்தால் நாளைக்குப் பங்கு கேட்டு வந்து நிற்பாள் என்று கத்தினார். பத்திரம் எழுதுகிறவர் வயதானவர், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நிதானமாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாத்தியதை இருக்கவுகதான் அத விட்டுக்கொடுக்க முடியும். இவுக யாருமே இல்லேன்னா, என்னத்த விட்டுக்கொடுக்காக? பேத்தின்னு எழுதுனாத்தான் இது பத்திரம். இல்லேன்னா வெறும் காயிதம், கம்பெனிக்காரன் தூக்கிப் போட்டுருவான்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தை யாரையும் பார்க்கவில்லை, பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எந்த நிமிடமும் அதற்குள்ளிருந்து அந்தக் காகிதம் வெளியே வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. பெரியப்பா உட்கார்ந்தார். எழுதச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மாற்றி எழுதினார்கள். பெயர்களை விட்டுவிட்டுச் சொன்னால், பத்திர நடையில் அது இப்படி இருந்தது: ‘தங்கள் பாட்டனாரின் மூத்த தாரத்து மூத்த குமாரருக்கு ஏக புத்திரியும், தங்களுக்குப் பெரிய தகப்பனார் மகளுமாகிய நான்.’ எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் அத்தை கையெழுத்துப் போட்டார். எழுதி வாங்குபவர்கள் என்ற இடத்தில் பெரியப்பாவும், அப்பாவின் பங்குக்காக நானும் போட்டோம். எத்தனையோ காலண்டர், எத்தனையோ கல்யாணப் பத்திரிகை பிழை திருத்தியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் என்னால் மேலோட்டமாகப் படித்துவிட்டு நகர முடியவில்லை.

பதிவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தனக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றார் அத்தை. பத்திரத்தை அவள் கையில் கொடுக்காதே, நீயே எடுத்துப் போ என்று பெரியப்பா என் காதில் சொன்னார். ஜெராக்ஸ் கடை வரை நான்தான் சுமந்தேன். அத்தை பக்கத்திலேயே நடந்து வந்தார். மெஷினின் மூடிக்கு அடியில் வெளிச்சம் நகர்ந்து போவதை எட்டி நின்று பார்த்தார். சூடாக வந்த தாள்களை வாங்கி நெஞ்சோடு ஒரு தடவை வைத்துக்கொண்டு, பிறகு பையின் வாயை விரித்தார். நான் வெட்கமில்லாமல் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு கைக்குட்டை, ஒரு பஸ் டிக்கெட் கூட இல்லை. தாள்களை உள்ளே வைத்துப் பையை மடித்து இடுக்கிக்கொண்டார். பெரியப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்.

காடு கைமாறியது. என் கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு அத்தை தன் மகனோடு வந்தார். அவர் அப்பா நிற்கிற அதே வேப்பமரத்தடியில் கொஞ்சம் நின்றுவிட்டு, பிறகு நேராக வரி பிரிக்கிற இடத்துக்கு வந்தார். மகன் வரியை நீட்டினான். பங்காளிகளில் ஒருத்தர், இது யாருப்பா புதுத் தலைக்கட்டு, இவர்களுக்கு இங்கே என்ன ஆதாரம் என்று கேட்டார். அத்தை பைக்குள் கையை விட்டார். அந்தத் தாள்கள் பாதி வெளியே வந்தன. பெரியப்பா அதைப் பார்த்தார். சாமி இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். வரியை வாங்கிக்கொண்டார்.

“படிக்க வேண்டாம். எங்க பெரியப்பா மக. எந்தங்கச்சி.”

அத்தை வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. எனக்கும் அழுகை வந்தது. அந்தக் கிழவர் இன்னும் ஒரு நாலைந்து வருடம் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் இறந்தபோது தங்கை முறைக்கு அத்தைதான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காட்டில் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வாசலில் வேறு யாரோ ஒருவர் மற்றவர்கள் பையைத் தடவிப் பார்க்கிறார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் போகவில்லை. நாங்கள் முதன்முதலில் மல்லாங்கிணற்றுக்குப் போன அன்றைக்கே, உயிலை இரண்டு தடவை படிக்கக் கேட்டாரே, அப்போதே விடுதலைப் பத்திரத்தில் தன் அப்பா பெயர் வந்தாக வேண்டும் என்பது அத்தைக்குத் தெரிந்திருந்ததா? போன பங்குனியில் கேட்டேவிட்டேன். பெரியப்பா வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று சிரித்தார். 

அன்றும் அதே மஞ்சள் பை மடியில் இருந்தது. நல்வரவும் இப்போது அழிந்துவிட்டது. விடாமல், இன்றைக்கு இதற்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பையை என் முன்னால் நன்றாக விரித்துக் காட்டினார். அன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் பார்த்ததுபோலவே ஒன்றுமில்லை.

“பங்கு வாங்கிட்டுப் போக வந்தவ, ரொப்பிக்கிட்டா தாயி வருவா?”

அதற்குள் கறி கூறு போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா பெயரைச் சொல்லி, அவர் வகையறா என்று கூப்பிட்டபோது, அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.